கல்வெட்டு பொய் சொல்லுமா, பானை ஓடு மெய் சொல்லுமா?

வாசகர் கேள்வி: ஜூன் 4, காலை 10.15

கல்வெட்டுகளை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பது என் கருத்து. அரசன் தன் காசைக் கொடுத்துத் தன் புகழைத் தானே வெட்டிக்கொண்ட விளம்பரம் எப்படி வரலாறாகும்? அதைவிட, யாரோ ஒரு சாத்தனோ ஆதனோ தன் பானையில் கீறி வைத்த பெயர் நேர்மையான சான்று. அவனுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. மறுப்பவர்கள் சொல்லலாம்.

ஜூன் 4, இரவு 9.40

மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும். மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை, விளம்பரம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. முதலாம் இராஜராஜன் தன் எட்டாம் ஆட்சியாண்டையொட்டி ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டுகளின் தலையில் வைக்கத் தொடங்கியபோது, படிப்பவர் வியக்க வேண்டும் என்றுதான் வைத்தான். ஆனால் ஒரு சோழர் காலக் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பாருங்கள். மெய்க்கீர்த்தி கடிதத்தலைப்பைப் போன்றது. அதற்குக் கீழே யார், எந்த ஊரான், எத்தனை ஆடு, எவ்வளவு நெய், எந்த அளவையால், யார் பொறுப்பு என்ற செய்திகள் வருகின்றன. கல் வெட்டப்பட்டதே அந்தக் கீழ்ப்பகுதிக்காக.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் தன் இருபத்தாறாம் ஆண்டில் இட்ட ஆணையைப் பாருங்கள். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக என்கிறான். தொடர்ந்து வருவது சரக்குப் பட்டியல். நகைகளை நிறுக்கும்போது சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு ஆகியவற்றை நீக்கி நிறுத்ததாகவும், நிறுத்த கல்லின் பெயர் தக்ஷிணமேருவிடங்கன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். புகழ் மட்டும் வேண்டியவன் அரக்கின் எடையைக் கழிக்கமாட்டான், சேர்த்தே எழுதியிருப்பான்.

ஜூன் 5, காலை 7.05

நேற்று மெய்க்கீர்த்தியைக் கடிதத்தலைப்பு என்று ஒதுக்கியது சற்று அவசரமாகப் படலாம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். விளம்பரமாகவே இருந்தாலும் அது காலக்கணக்குக்கு உதவுகிறது. சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டார்கள். வெறும் ‘கோப்பரகேசரிக்கு யாண்டு ஐந்தாவது’ என்று ஒரு கல் சொன்னால் எந்தப் பரகேசரி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மெய்க்கீர்த்தி வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. போர் முடிய முடிய நாடுகளின் பெயர்கள் வரிசையில் ஏறின. ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்ற தொடர் இராஜராஜனின் கடைசி ஆண்டுகளில்தான் வருகிறது. ஆகவே ஆண்டு சிதைந்த கல்லிலும், எந்த நாடு வரை பட்டியல் ஓடுகிறது என்று பார்த்து ஏறத்தாழ இடம் குறிக்கலாம். வென்றதாகச் சொன்னவன் உண்மையில் எவ்வளவு வென்றான் என்பது வேறு கேள்வி. எந்த ஆண்டில் அப்படிச் சொல்லத் தொடங்கினான் என்பதில் பொய் இல்லை.

ஜூன் 5, இரவு 10.30

ஆட்டுக் கணக்கைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது சோழநாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கம். தஞ்சைக் கல்வெட்டில் அதற்கு ஈடாக 48 பசு அல்லது 16 எருமை என்றும் வருகிறது. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதாவது கால் நாழி. ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா என்று சிரிப்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது இடையன் பொறுப்பு. கோயிலின் கணக்கில் 96 என்றைக்கும் 96 தான். முதலை அழியாமல் வைத்து வட்டியை மட்டும் உண்ணும் ஏற்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இடையரின் பெயர், ஊர், அவருக்குப் பொறுப்பேற்ற உறவினரின் பெயர் ஆகியவையும் கல்லில் உண்டு. பெயர் கல்லில் ஏறுவது பெருமை என்று நாம் நினைக்கிறோம். அந்த இடையருக்கு அது பெருமையாக இருந்திருக்குமா, தலைமுறைக்கும் விலகாத கடனாகத் தோன்றியிருக்குமா என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. நெய் அளக்கத் தவறினால் ஊரே சுவரைக் காட்டிக் கேட்கும்.

ஜூன் 6, பிற்பகல் 1.20

இனி உங்கள் பானை ஓட்டுக்கு வருகிறேன். ஓடு நேர்மையானது என்பதைவிட, ஓடு மிகக் குறைவாகப் பேசுகிறது என்பதே பொருத்தம். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த நூற்றுக்கணக்கான எழுத்துப் பொறித்த ஓடுகளிலும், கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஐம்பத்துச் சொச்சம் ஓடுகளிலும் பெரும்பாலும் காண்பது ஆட்பெயர்கள்: ஆதன், கண்ணன் ஆதன், குவிரன் ஆதன், பண்ணன். கண்ணன் ஆதன் என்ன தொழில் செய்தார், அந்தப் பானையில் என்ன வைத்திருந்தார், அவரே எழுதினாரா, எழுதத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கீறச் சொன்னாரா என்ற எதற்கும் ஓட்டில் விடை இல்லை. பொய் சொல்ல இடமில்லாத அளவுக்கு அது சுருக்கமானது. அதை நேர்மைக்குக் கணக்கு வைப்பது சரியா?

ஆனால் ஓட்டில் எழுத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது: கீறியது சுடுவதற்கு முன்பா, பின்பா என்பது. ஈரக் களிமண்ணில் கீறினால் கோட்டின் ஓரம் மெழுகியதுபோல் வழவழவென்று எழும்பி நிற்கும். சுட்ட பின் கூர்முனையால் கீறினால் மேற்பூச்சு உரிந்து, ஓரம் பொறுக்கிட்டு, உள்ளிருக்கும் மண்ணின் நிறம் தெரியும். தமிழ்நாட்டு ஓடுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அப்படியானால் எழுதியது குயவர் அல்லர். பானையை வாங்கிப் பயன்படுத்திய வீட்டார். எழுத்து அரண்மனைக்கும் குகைக்கும் வெளியே வந்துவிட்டது என்பதற்கு இதுவே என் கண்ணில் வலுவான சான்று; படித்த பெயர் ஆதனா சாத்தனா என்பது இரண்டாம் பட்சம்.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945 இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இரண்டு வகையும் ஒரே ஊரில் வெளிப்பட்டன. இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் கிண்ணங்களின் அடியில் கமுரி, இட்டா என்று பட்டறைப் பெயர்கள் சுடுவதற்கு முன்பே முத்திரையாக அழுத்தப்பட்டிருந்தன. உள்ளூர்ப் பானைகளில் தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் உடைமையாளர் கீறிய பெயர்கள். ஒன்று செய்தவர் பெயர், மற்றது வைத்திருந்தவர் பெயர். இரண்டையும் ‘பானை எழுத்து’ என்று ஒரே பெட்டியில் போட்டால் இரண்டுமே பேசாமல் போய்விடும்.

ஜூன் 6, இரவு 11.10

பொறுக்கிட்ட ஓரத்தை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்பதே விடை. படத்தில் தெரியாது. படிக்கும் காலத்தில் கோடை விடுமுறையில் ஓடு கழுவும் வேலை பார்த்தவன் நான்; முதலில் கற்றுக்கொடுத்த பெரியவர், எழுத்தைப் பார்க்காதே, விளிம்பைத் தடவிப் பார் என்பார். அவரிடம் எழுத்துள்ள ஓட்டைக் கொண்டு நீட்டினால், முதலில் அதைத் திருப்பி உட்புறத்தைத்தான் பார்ப்பார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். உட்புறத்தில் சக்கர வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால், ஓடு பானையின் கழுத்தா தோளா என்றும், எழுத்து நேராக நிற்கிறதா தலைகீழா என்றும் தெரிந்துவிடும் என்பது பிறகுதான் விளங்கியது. எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டுப் புதுச் சொல் கண்டதாக மகிழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

ஜூன் 8, காலை 8.45

பொருளை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குக் கடல் கடந்த எடுத்துக்காட்டுகள் இரண்டு. எகிப்தில் செங்கடற்கரையில் உள்ள குசைர் அல்-காதிம், பழைய காலத்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். அங்கே கிடைத்த ஒரு சேமிப்புச் சாடியின் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் கீறியிருந்ததைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையைத் தொங்கவிடும் உறியைத்தான் அது சுட்டுகிறது. அதே இடத்தில் முந்தைய அகழாய்வில் கணன், சாதன் என்ற பெயர்களும் கிடைத்திருந்தன. பெயர்கள் வந்துபோன வணிகர்களைக் காட்டுகின்றன. ‘பானை ஒறி’ காட்டுவது அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்களை. எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஈர்ப்பு அதிகம்.

மற்றது தாய்லாந்தின் தெற்கே கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் கிடைத்த சிறிய உரைகல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நடுகல்லிலும் ‘இன்னார் கல்’ என்றுதான் எழுதுவார்கள். எழுத்தை மட்டும் ஏட்டில் பெயர்த்தெழுதி வைத்திருந்தால், பெரும்பதன் என்ற வீரன் தாய்லாந்தில் இறந்தான் என்று யாராவது ஒரு கட்டுரை எழுதியிருப்பார்கள். கல் உரைகல்லாக இருந்ததால் பெரும்பதன் பிழைத்தார். அவர் பொன் உரைத்துப் பார்த்த தட்டார்.

ஜூன் 8, இரவு 9.15

நடுகல் என்றதும் இது நினைவுக்கு வந்தது. விளக்குக் கணக்கு, பானைக் கணக்கு என்று சலித்தவர்களுக்காக எழுதுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருந்தேவக்கத்தி என்பவருக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் மாண்டவர். கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்த செய்தியும் எழுதப்பட்டிருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். கல்வெட்டு முழுவதும் அரசனின் விளம்பரம் என்று தொடங்கிய நண்பர், கோவிவனுக்கும் சேவலுக்கும் என்ன பட்டம் கொடுப்பார் என்று அறிய ஆவல்.

நடுகல்லை எடுத்தது ஊரார் அல்லது உறவினர். அரசன் பெயர் அதில் தேதிக்காக மட்டும் வருகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்ட தமிழ்ப் பிராமி நடுகற்களில் அரசன் பெயரே இல்லை. கூடலூரில் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் கல் என்ற அளவோடு ஒன்று நின்றுவிடுகிறது.

ஜூன் 9, காலை 6.50

நண்பரின் மறுமொழி வந்திருக்கிறது; அதைச் சுருக்கித் தருகிறேன். நாயும் சேவலும் விதிவிலக்கு. கோயில் சுவரில் எளிய மக்களின் பெயர் இருந்தாலும் அவர்கள் குரல் இல்லை. செப்பேடுகளோ முழுக்க முழுக்க அரசனும் அந்தணரும் பேசிக்கொண்டவை என்கிறார்.

குரல் இல்லை என்பது நியாயமானது. தஞ்சைக் கோயிலில் ஆடல்பாடல் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று முகவரியோடும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டார் என்ற குறிப்போடும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். செத்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த முறைக்கு உரியவர் அந்தக் காணியைப் பெற வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நானூறு பெண்களின் வீட்டு எண் நமக்குத் தெரிகிறது. அவர்களில் ஒருவர்கூட என்ன நினைத்தார் என்பது தெரியாது. நெல் அளக்கப் பெயர் தேவைப்பட்டதால் பெயர் நின்றது. இதைக் குரல் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இதே குறை பானை ஓட்டுக்கும் உண்டு. கண்ணன் ஆதனின் குரல் எங்கே இருக்கிறது?

ஜூன் 9, இரவு 10.00

செப்பேட்டைப் பற்றி நண்பர் சொன்னதைத் தனியே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அங்கேதான் நான் அவரோடு முழுமையாக மாறுபடுகிறேன். செப்பேடு கொடுத்தவனிடம் இருப்பதில்லை; பெற்றவனிடம் இருக்கிறது. சுவரில் உள்ள கல்லை ஊரார் அனைவரும் பார்க்கிறார்கள். செப்பேடோ வளையத்தில் கோத்து, முத்திரை இட்டு, பெட்டியிலோ மண்ணுக்கு அடியிலோ காத்து, வழக்கு வரும்போது மட்டும் எடுத்துக் காட்டப்படுவது. ஆகவே அதை நிலப்பத்திரம் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பத்திரத்தில் போலி உண்டு என்பதால் செப்பேட்டிலும் போலி உண்டு. கன்னட நாட்டை ஆண்ட மேலைக் கங்கரின் பெயரில் உள்ள ஏடுகள் பலவற்றைக் கல்வெட்டறிஞர் பிளீட் போலி என்று ஒதுக்கியது அறிஞர் உலகில் நீண்டகாலம் வாதத்துக்கு உள்ளானது. ஆக, அரசன் கல்லில் பொய் சொன்னான் என்று தேடுவதைவிட, நிலம் வேண்டியவன் செம்பில் பொய் சொன்னானா என்று தேடினால் விளைச்சல் அதிகம்.

போலி உருவாகும் உலகில் எதிர்ச்சோதனையும் இருந்தே தீரும். வேள்விக்குடிச் செப்பேடு அதற்கு நல்ல சான்று. பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மதுரை வீதியில் ஒருவர் அரசன் காது கேட்க முறையிடுகிறார். முன்னொரு காலத்தில் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டிய மன்னன் தம் முன்னோருக்குக் கொடுத்த வேள்விக்குடி என்னும் ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோனது. அதைத் திரும்பத் தர வேண்டும் என்பது முறையீடு. அரசன் முறுவலித்து, நன்று, உன் பழமையை நாட்டாரைக் கொண்டு காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான். அவர் காட்டுகிறார், ஊர் கிடைக்கிறது.

இந்தப் பகுதியைப் படிக்கும் பலர் களப்பிரரைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு வியப்பு அந்த நிபந்தனையில். பல நூற்றாண்டுக்கு முந்தைய கொடையை அரசன் தன் சொல்லால் உறுதி செய்யவில்லை. நாட்டாரின், அதாவது அப்பகுதி ஊர்த்தலைவர்களின், சாட்சியத்தின் மேல் சுமத்திவிட்டான். நாட்டார் எதை வைத்துச் சொன்னார்கள், ஓலை இருந்ததா, வாய்வழி நினைவா என்பதை ஏடு சொல்லவில்லை. ஆனால் ‘அரசனும் அந்தணரும் பேசிக்கொண்டது’ என்று தள்ளிவிட முடியாதபடி மூன்றாவதாக ஒரு தரப்பு அந்த ஏட்டுக்குள்ளேயே நிற்கிறது.

சோழர் செப்பேடுகளிலும் இதே கதைதான். அரசன் வாய்மொழி ஆணை ஓலையாகி, வரிப் புத்தகத்தில் ஏறி, நாட்டாருக்குத் திருமுகம் போய், அவர்கள் பிடியானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நாட்டிய பிறகே ஏடு எழுதப்படுகிறது. லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளில் வடமொழிப் பகுதி ஐந்து ஏட்டில் முடிகிறது. மீதிப் பதினாறும் தமிழ். எல்லைகளும், வரிவிலக்குகளும், ஒப்பமிட்டவர்களும் அந்தப் பதினாறில்தான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கட்டிய ஸ்ரீவிஜய மன்னனின் புகழ் வேண்டியவர் முதல் ஐந்தைப் படிக்கலாம். ஆனைமங்கலத்தின் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று வேண்டியவர் மற்றதை.

ஜூன் 11, காலை 11.30

‘பொது இடத்தில் இருக்கும் எழுத்தில் பொய் சொல்வது கடினம்’ என்று நான் சொல்லவருவதாக ஒருவர் சுருக்கியிருக்கிறார். அவ்வளவு நேராகச் சொல்லிவிட எனக்குத் தயக்கம். யார் மறுத்துக் கேட்கக்கூடிய இடத்தில் அந்த எழுத்து இருந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12 ஆம் ஆண்டில், கி.பி. 919 இல், வெட்டிய குடவோலை விதிகள் இரண்டே ஆண்டில் திருத்தி மறுபடி வெட்டப்பட்டன. முதல் விதி நடைமுறையில் சரிவரவில்லை என்று ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? வாரியம் என்னும் ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்ற விதி யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் போனதால்தான் வந்திருக்கும்.

கூடவே ஒன்று. இந்தக் கல்வெட்டை மேடையில் எடுத்துக்காட்டுபவர்கள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, மறை கற்ற ஆண்களுக்கான பிரமதேயச் சபை, அதாவது அந்தணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊரின் சபை, அது என்பதைச் சொல்வதில்லை. அவ்வூரில் பானை வனைந்தவரின் ஓலை அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது.

ஜூன் 12, இரவு 8.20

கல்லின் மேல் எனக்கே உள்ள ஐயத்தையும் பதிவு செய்கிறேன். எதிர்க்கட்சிக்கு ஆயுதம் தருவதாக யாரும் நினைத்தால் நினைக்கட்டும். கல்லில் உள்ள எழுத்து கல்லில் உள்ள ஆண்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருக்கோடிக்காவல் கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவி புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று அதில் குறித்தும் வைத்திருக்கிறார்கள். திருமழபாடியில் இராஜராஜனின் 28 ஆம் ஆண்டில் விமானத்தைப் பிரிக்க ஆணையானபோது, கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டு, இராஜேந்திரனின் 14 ஆம் ஆண்டில் மீண்டும் வெட்டினார்கள். இடையில் அந்த ஆவணங்கள் ஓலையில் மட்டுமே வாழ்ந்தன.

படியெடுத்தவர் நேர்மையாகக் குறித்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. குறிக்காமல் வெட்டியவை எத்தனை இருக்கும்? எட்டாம் நூற்றாண்டு அரசன் பெயரைப் பத்தாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் படிக்கும்போது கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் அந்த ஆண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதை நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன். உடைந்த பானையை யாரும் புதுப்பித்து அதே பெயரை மறுபடி கீறுவதில்லை. பழனி அருகே பொருந்தல் என்னும் ஊரின் ஈமக்குழியில், பானையைத் தாங்கும் வளையமான பிரிமணை ஒன்றில் எழுத்துப் பொறித்திருக்க, அதோடு கிடைத்த நெல் கி.மு. 490 என்று காலம் காட்டியபோது அவ்வளவு பரபரப்பு எழுந்ததற்குக் காரணமும், மூடிய குழிக்குள் பின்னாளில் யாரும் கை வைத்திருக்க முடியாது என்பதுதான்.

ஜூன் 12, இரவு 8.50

இன்னொரு சிறு குறிப்பு. மறுபடி வெட்டுதல் அக்காலத்துப் புதுப்பிப்பு. இக்காலத்துப் புதுப்பிப்பு மணல் வீச்சு. ஒரு கோயிலில் திருப்பணி முடிந்து நான் போனபோது அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், வெட்டிய வரிகள் பாதி மழுங்கியிருந்தன. பெயர் சொல்லப் போவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைக்கூட மன்னிக்கலாம். உரித்தால் எழுத்து அடியில் இருக்கும்.

ஜூன் 14, காலை 9.10

மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் முறையைக் கேட்டவருக்கு. கல்லைத் தண்ணீரும் தேங்காய் நார்த் தூரிகையும் கொண்டு கழுவி, ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, மயிர்த்தூரிகையால் மெல்ல அடித்தால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். மை தாளின் வெளிப்புறத்தில் படுவதால் எழுத்து கண்ணாடி பார்த்ததுபோல் இடம் வலம் மாறாது. காற்றடிக்கும் நாளில் முயல வேண்டாம். சாக்பீசால் தேய்த்துப் படமெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேய்ப்பவர் தமக்குப் பிடித்த எழுத்தைத்தான் நிரப்புவார், பிறகு படம் பார்ப்பவரும் அதையே படிப்பார். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் போதும்.

ஜூன் 15, இரவு 9.30

இலங்கை வாசகர் ஒருவர் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டை நினைவூட்டியதற்கு நன்றி. அது நம் கேள்விக்கு நேராக வருகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு வந்த அந்தக் கல்லில் 1409 ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரைக் கோயில் இறைவனான தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்துகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய் என்று நீள்கிறது. இது விளம்பரமா என்றால், ஆம், சீனப் பேரரசரின் விளம்பரம். ஆனால் ஒவ்வொரு மொழியாருக்கும் அவரவர் கடவுளைத் தனித்தனியே வணங்கிக் காட்ட வேண்டும் என்று விளம்பரக்காரருக்குத் தெரிந்திருந்தது என்பதும், தென்னிலங்கைத் துறைமுகத்தில் தமிழ் படிப்போர் பொருட்படுத்த வேண்டிய அளவில் இருந்தார்கள் என்பதும் அதே கல்லிலிருந்து கிடைக்கும் மெய்கள்.

1911 இல் அதைக் கண்டபோது காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசரின் கல்லே சாக்கடைக்கு மூடியானபோது, நம்மூர்க் குளத்துப் படியில் துணி துவைக்கப்படும் கற்களுக்கு வருந்தி என்ன செய்வது? துவைத்துத் துவைத்து மழுங்கிய கல்லைப் பார்த்திருக்கிறேன்; கவிழ்த்துப் போட்டிருந்தால் எழுத்தாவது தப்பியிருக்கும் என்று அந்த அம்மாளிடம் சொன்னபோது, கவிழ்த்தால் சொரசொரப்பு போதாது என்றார். அதுவும் சரிதான்.

ஜூன் 17, காலை 7.40

முதல் கேள்வி கேட்ட நண்பர் நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய ஊர் ஏரிக்கரை வயலில் சாய்ந்து கிடக்கும் கல்; இரண்டு வரி எழுத்து போல் தெரிகிறது என்றும், அதை வீட்டுக்கு எடுத்து வந்து கழுவிப் படிக்கலாமா என்றும் கேட்கிறார். தயவுசெய்து எடுக்காதீர்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் மண் மூடிய இடத்தில் சூலத்தின் முனைபோல் ஒன்று தெரிகிறது. அது சூலமாகவே இருந்தால், சிவன் கோயில் நிலத்துக்கு நாட்டிய எல்லைக்கல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. திருமால் கோயில் நிலமானால் சக்கரம் பொறித்திருப்பார்கள், சமணப் பள்ளி நிலமானால் முக்குடை. எல்லைக்கல்லில் எழுத்து இரண்டு வரிதான் இருக்கும். மீதிச் செய்தி அது நிற்கும் இடம். இடம் பெயர்த்தால் பாதிக் கல்வெட்டு போயிற்று.

கல் எந்தத் திசை பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் பழைய வாய்க்கால் உண்டா, அருகில் எந்தக் கோயில், எவ்வளவு தொலைவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும்போது, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நேர் எதிரே நின்று ஒரு படமும் பக்கத்திலிருந்து ஒரு படமும் எடுத்தனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இப்போதுள்ள படத்தில் முதல் வரியில் ‘ஸ்வஸ்தி’ என்று தொடங்குகிறதோ என்று தோன்றுகிறது, ஆனால் வெயில் நேராக அடிப்பதால் அதற்குமேல் எதையும் படிக்க நான் துணியவில்லை. அடுத்த படம் வந்ததும் எழுதுகிறேன்.